பாதி காய்ந்த தலை

"அம்மா, தலை காய வைக்கிற மெஷின் ஒண்ணுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் விலை குடுக்கலாமா?"

செண்பகவல்லி இப்படிக் கேட்டாள்.

கேள்வி போய்ச் சேர்ந்த இடம் ஒரு மொட்டைத் தலை. அன்று காலையில்தான் மழித்தது. பளபளவென்று இருந்தது.

உலகம்மாள் தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆள் மாறி வந்துட்டீங்களோ அக்கா?"

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். செண்பகவல்லிக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை.

*

குற்றாலத்துக்குப் பக்கத்தில், மலையடியில், ஓடு போட்ட ஒரு வீடு. உலகம்மாள் அங்கே இருந்தாள். காவி உடுத்தவள். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

செண்பகவல்லிக்கு அவள் தங்கை வயது. அதற்கும் இளையவள் என்றே சொல்லலாம். இவள் அவளை அம்மா என்பாள். அவள் இவளை அக்கா என்பாள். இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

செண்பகவல்லிக்கு ஒரு காலத்தில் முழங்கால் தொடும் கூந்தல். தென்காசி தபாலாபீஸில் வேலை பார்த்தபோது, பேர் தெரியாதவர்கள் அவளை "அந்த நீள முடி அம்மா" என்றுதான் சொல்வார்கள்.

பிறகு மார்பில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது.

பஸ்ஸில், கல்யாண வீட்டில், காய்கறிக் கடையில், எல்லாரும் முதலில் அவள் தலையைப் பார்த்தார்கள். அப்புறம் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் வேறு எங்கோ பார்த்தார்கள்.

இந்த வீட்டில் மட்டும் யாரும் பார்க்கவில்லை. இங்கே குருவுக்கே முடி கிடையாது.

அதற்காகத்தான் வர ஆரம்பித்தாள். தியானமெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது முடி திரும்பிவிட்டது. கழுத்து வரை. அதுவும் சுருட்டையாக.

"பிறந்ததுல இருந்து எனக்கு நேர் முடிம்மா. இது யாரு முடின்னே தெரியல," என்று சொல்லிக்கொண்டு அதை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். விட்டதும் அது சுருண்டு மேலே போய்விடும். அவள் மறுபடி இழுப்பாள்.

*

"ஆசைப்பட்டுக் கேக்கலம்மா. சாரல் அடிக்குது, தலை காயவே மாட்டேங்குது. ஈரம் நின்னா எனக்குச் சளி பிடிச்சிருது. சாதா டிரையர் ஒண்ணு வாங்கினேன். அனலா அடிக்குது. பொசுங்குன வாடை வருது. இது அப்படி இல்லையாம். சூடு ஏறாதாம். சுருட்டை சுருட்டையாவே நிக்குமாம்."

"அப்ப வாங்குங்க."

"விலை கூடுதல்லாம்மா."

"அப்ப வேண்டாம்."

"எம்மக பெங்களூர்ல இருந்து தினம் ஃபோன் போடுதா. வாங்குன்னு ஒரே பிடி."

"அப்ப வாங்குங்க."

"வீட்டுக்காரரு, காத்துக்குப் போய் எவனாவது காசு குடுப்பானாங்காரு. குற்றாலத்துல இருந்துக்கிட்டு."

உலகம்மாள் யோசித்தாள். "நல்ல கேள்வில்லா. அப்ப வேண்டாம்."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னம்மா, விளையாடுதீங்களா?"

"நீங்க ஒவ்வொருத்தரையா கூட்டிக்கிட்டு வந்தீங்க. அவங்கவங்களுக்குப் பதில் சொன்னேன். நீங்க இன்னும் ஒண்ணும் கேக்கலியே அக்கா."

செண்பகவல்லி ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளினாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் கிள்ளினாள்.

"மருந்துக்கு அவரு வயலை வித்தாரும்மா. ஒரு வார்த்தை பேசல. நானும் வேண்டாம்னு சொல்லல. அது சாகாம இருக்கிறதுக்கு."

"ம்."

"இது எதுக்கு?"

உலகம்மாள் கீரையைக் கீழே வைத்தாள்.

"அந்த மெஷின் எங்க இருக்கு?"

"திருநெல்வேலியில. புதுசா ஒரு பெரிய கடை வந்திருக்கு."

"போவோம்."

"என்னைக்கும்மா?"

உலகம்மாள் ஏற்கெனவே வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

*

பஸ்ஸில் ஜன்னலோரத்தை உலகம்மாள் பிடித்துக்கொண்டாள். கொய்யாப்பழம் வாங்கினாள். உப்பும் மிளகாய்ப்பொடியும் கேட்டு வாங்கித் தொட்டுத் தின்றாள்.

செண்பகவல்லிக்குத் தின்ன ஓடவில்லை.

"அம்மா, நீங்க அங்க வந்தா ஜனங்க என்ன நெனைப்பாங்க? சாமியாரம்மாவுக்கு ஹேர் டிரையர் கடையில என்ன வேலைன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா நல்லது. எனக்கும் தெரியல. அவங்களுக்காவது தெரியுதான்னு பாப்போம்."

ஒரு துண்டு கொய்யாவை நீட்டினாள். செண்பகவல்லி வாங்கிக்கொண்டாள்.

*

கடைக்குள் குளிர்ந்தது. ஹேர் டிரையர் ஒரு கண்ணாடி மேடைமேல் தனியாக நின்றது. மேலேயிருந்து அதற்கென்று ஒரு விளக்கு எரிந்தது.

கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். சட்டையில் ஜெபசெல்வி என்று பேர் குத்தியிருந்தது.

"வாங்க மேடம். டெமோ பாக்கலாமா? யாருக்கு மேடம்?"

"எனக்கு," என்றாள் உலகம்மாள்.

ஜெபசெல்வி அந்தத் தலையைப் பார்த்தாள். செண்பகவல்லியைப் பார்த்தாள். எந்த வாடிக்கையாளர் வந்தால் என்ன சொல்வது என்று கடையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த வாடிக்கையாளரைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

"உக்காருங்க மேடம்," என்றாள். நல்ல பெண்.

கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டாள். பாட்டிலிலிருந்து தலையில் தண்ணீரைப் புஸ்புஸ்ஸென்று அடித்தாள். டிரையரைப் போட்டாள்.

உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது.

"என்னம்மா?" செண்பகவல்லி பதறினாள்.

"கூசுது அக்கா!"

மிக்ஸி பார்க்க வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் மிக்ஸியை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள். மாடியிலிருந்து இறங்கியவர்கள் பாதிப் படியிலேயே நின்றார்கள்.

"எப்படி இருக்கு மேடம்?"

"ரொம்ப சுகமா இருக்கும்மா. யாரோ பக்கத்துல உக்காந்து ஊதி விடுத மாதிரி இருக்கு."

"அப்ப எடுத்துக்கலாம்லா மேடம்?"

"எனக்கு வேண்டாம்மா."

"ஏன் மேடம்?"

"காஞ்சிட்டே."

ஜெபசெல்விக்கு வேலை மறந்து சிரிப்பு வந்தது. கூட்டமும் சிரித்தது. உலகம்மாள் எழுந்து, நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டு தட்டினாள்.

"அக்கா, நீங்க உக்காருங்க."

*

நாற்காலிக்கு எதிரே பெரிய கண்ணாடி.

செண்பகவல்லி நெடுநாளாகக் கண்ணாடியில் பொட்டு வைக்கும் இடத்தை மட்டும்தான் பார்த்து வந்தாள். இந்தக் கண்ணாடியில் அது முடியவில்லை. முழுதாகத் தெரிந்தாள்.

ஜெபசெல்வி தலை முழுக்க நன்றாகத் தண்ணீர் அடித்தாள். வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

காற்று இதமாக வந்தது. முதலில் காதோரம். பிறகு நெற்றியோரம். ஈரத்தில் படிந்து கிடந்த முடி மெல்ல எழுந்தது. ஒரு சுருள் திரண்டது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒன்று கன்னத்தில் வந்து விழுந்து அங்கேயே நின்றது.

"ஏ, இங்க பாருங்கம்மா!" என்றாள் செண்பகவல்லி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வந்தது குரல். அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனால் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மேடம். கர்ல்ஸ் எவ்வளவு அழகா நிக்குது பாருங்க." ஜெபசெல்விக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மோட்டாரும் நல்ல மோட்டார் மேடம். அஞ்சு வருஷம் வாரண்டி. அஞ்சு வருஷத்துக்கு நீங்க ஒரு கவலையும் படவேண்டாம்."

கண்ணாடியில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

"போதும்மா," என்றாள் செண்பகவல்லி.

"இன்னும் இந்தப் பக்கம் மேடம்..."

"போதும்."

துண்டை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

*

வாசற்படியில் வெயில் அடித்தது. உலகம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"கேட்டீங்களாம்மா? அஞ்சு வருஷம்னு எவ்வளவு லேசா சொல்லுது அந்தப் பிள்ளை."

"கேட்டேன்."

"டாக்டர் எனக்கு அப்படி வாரண்டி குடுக்கல. ஸ்கேன் எடுப்பாரு. நல்லாருக்கு, அடுத்த ஸ்கேனுக்கு வாங்கம்பாரு. அதுவரைக்கும் எனக்கு. அப்புறம் மறுபடியும் போய் நிக்கணும்."

"ம்."

"அவ்வளவு காசைக் குடுத்து வாங்கி, அது மட்டும் இருந்து, நான் இல்லன்னா?"

சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. செண்பகவல்லி அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இருப்பேனாம்மா?"

"எனக்குத் தெரியாது அக்கா."

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள்.

வியாதி வந்த நாளிலிருந்து எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள். ஒன்றும் ஆகாது. கணவர் சொன்னார். மகள் சொன்னாள். மருந்து ஏற்றிய நர்ஸ் சொன்னாள். கோயிலில் குருக்கள் சொன்னார். அவளும் அவர்களுக்காகத் தலையாட்டினாள். தெரியாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஏனோ மூச்சு சுலபமாக வந்தது.

உலகம்மாள் கையை நீட்டி அவள் வலது காதுக்கு மேலே தொட்டாள். பிறகு இடது காதுக்கு மேலே தொட்டாள்.

"இந்தப் பக்கம் காஞ்சிருக்கு," என்றாள். "இந்தப் பக்கம் சொட்டுது."

செண்பகவல்லி கடையின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

வலது பக்கம் சுருள் சுருளாகப் பொங்கி நின்றது. இடது பக்கம் நனைந்த கோழி மாதிரி கன்னத்தோடு ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, சேலையில் தோள்பட்டை முழுக்க நனைந்திருந்தது. படியேறி வந்த ஒரு பெரியவர் அவள் தலையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

அவள் அவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்தக் கோலத்துலயா நடுரோட்டுல நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்?"

"ஆமா."

"சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்லிட்டேன்லா."

கதவுக்கு அந்தப் பக்கம், நாற்காலிக்குப் பின்னால், ஜெபசெல்வி டிரையரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் வாடியிருந்தது.

செண்பகவல்லி கண்ணைத் துடைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உட்கார்ந்து, துண்டைத் தானே எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

"மறுபக்கமும் போடும்மா."

ஜெபசெல்வியின் முகம் மலர்ந்தது. இடது பக்கத்து முடி எழுந்தது. சுருண்டது. செண்பகவல்லி இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டாள். காற்று கழுத்தில் பட்டபோது தலையைத் தானாகவே முன்னால் சாய்த்துக் கொடுத்தாள்.

இதற்குள் நாற்காலிக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசையாக நின்றுவிட்டார்கள். மிக்ஸி வாங்க வந்த மனைவி முதல் ஆள்.

ஜெபசெல்வி குனிந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மேடம், எடுத்துக்கிறீங்களா? பில் போட்டுரட்டுமா? ஆட்கள் நிக்காங்க..."

செண்பகவல்லி பின்கழுத்தில் கையை வைத்து முடியை அளைந்து பார்த்தாள்.

"போடு. ஆனா பின்னால இன்னும் ஈரம் இருக்கு பாரு. அதை நல்லாக் காயவச்சிட்டுப் போய்ப் போடும்மா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."