ஆணி இல்லாத மரம்

சூசைநாதன் சாமி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் பெரிய சாமியிடம் விடைபெற வந்தார்.

அந்தக் கடற்கரை ஊரில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் பெரிய சாமி. ஓய்வு பெற்ற பிறகும் கோயிலுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையை விட்டுப் போகவில்லை. சூசைநாதன் அவரிடம் உதவியாளராக இருந்து தொழில் படித்தவர். இப்போது பங்குச் சாமியார்.

மாதா சப்பரத்தின் முன்கொம்பை யார் தோள் தாங்குவது என்பதுதான் வழக்கு. வடக்குத் தெரு எங்களுக்கு என்றது. தெற்குத் தெருவும் அதையே சொன்னது. பாஸ்கா என்னும் ஈஸ்டருக்கு முன் இரண்டு தெருவையும் கோயில் படியில் நிறுத்திக் கைகொடுக்க வைத்தார் சூசைநாதன். பலர் அழுதார்கள். திருவிழா வந்தது, எல்லாம் பழையபடி பிளந்தது. இப்போது வடக்குத் தெருக்காரர்கள் தனிக் கோயில் கட்டக் கல் இறக்கிவிட்டார்கள். நாளை மறைமாவட்ட ஆயரைப் பார்த்து வேறு ஊர் கேட்கப் போவதாகச் சூசைநாதன் சொன்னார்.

"ஒட்ட வச்சா ஒட்டாத ஊரு சாமி. இனிமே பிரியாதபடி ஒட்ட வைக்க எனக்குத் தெரியல. நீங்க எப்படி வச்சிருந்தீங்க?"

பெரிய சாமி கைத்தடியை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். சூசைநாதன் பின்னால் போனார்.

ஒரு கட்டுமரம் அலையேறி வந்து மணலில் முட்டியது. வடக்குத் தெரு கஸ்பாரும் தெற்குத் தெரு தொம்மையும் இறங்கினார்கள். கஸ்பார் கட்டியிருப்பது தொம்மையின் தங்கையை. மரம் இரண்டு வீட்டுக்கும் பொது. திருவிழாவுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு கிடையாது. மீனை இறக்கினார்கள். பிறகு கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மேட்டுக்கு இழுத்துப் போட்டார்கள்.

பெரிய சாமி கேட்டார். "ஏன் கஸ்பார், தெனம் அவுத்துக் கட்டுறதுக்கு நாலு ஆணியடிச்சா என்ன?"

"எங்களைக் கடல்லயே அடக்கம் பண்ணிரலாம்னு பாக்கீங்களா சாமி? ஆணியடிச்ச மரம் மொத அலையில பொளந்துரும். கயித்துக் கட்டுன்னா அலைக்குக் கொஞ்சம் விட்டுக்குடுக்கும்."

"கட்டுனபடியே கெடக்கட்டுமே."

"சேந்தே கெடந்தா தண்ணி குடிச்சு ஊறிரும். ஒவ்வொண்ணும் தனித்தனியா காயணும்." கஸ்பார் ஒரு மரத்தை உள்ளங்கையால் தட்டினான். "எங்க தாத்தா காலத்து மரம் சாமி. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆணி ஏறல."

திரும்பும் வழியில் பெரிய சாமி ஒன்றுதான் சொன்னார். "விடியட்டும். அப்புறம் போ."

விடியலில் மீண்டும் கரையில் நின்றார்கள். மரங்கள் தண்ணீரோரம் அருகருகே கிடந்தன. முன்தலையில் கஸ்பார் கட்டினான், பின்தலையில் தொம்மை. தொம்மை நிமிர்ந்து சூசைநாதனைப் பார்த்தான்.

"சாமி, முன்னால நிக்கிறவருகிட்ட சொல்லுங்க. அவரு கட்டு தளந்து கெடக்கு."

கஸ்பாரும் சூசைநாதனையே பார்த்தான். "சாமி, பின்னால நிக்கிறவருகிட்ட சொல்லுங்க. அவரு தங்கச்சி ஊத்துற கஞ்சிக்கு இவ்வளவுதான் பலம்."

சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்து முதலிலிருந்து கட்டினான். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. சூசைநாதன் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டுப் பிடித்தார். கயிறு அவர் உள்ளங்கையைத் தேய்த்துச் சிவக்க வைத்தது. பின்தலையிலிருந்து தொம்மை வந்து அழுத்திப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

மரம் இறங்கியது. முதல் அலை சுவர்போல் எழுந்தபோது சூசைநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டு துடுப்பும் ஒரே வீச்சில் விழுந்தன. மரம் தலையைத் தூக்கி அலையின் முதுகில் ஏறி, கிழித்துக்கொண்டு அப்பால் போய் நின்றது. அங்கிருந்து இருவரும் ஒரே சமயம் கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். கடலிலிருந்து பார்த்தால் இந்த ஊரில் முதலில் தெரிவது கோயில் கோபுரம். அதைப் பார்த்துத்தான் எந்தத் தெருக்காரனும் வீடு திரும்புகிறான்.

பெரிய சாமியின் கூன் முதுகு நிமிர்ந்திருந்தது.

"பாத்தியா, எப்படி ஏறுறானுக. என் புள்ளைங்க."

சூசைநாதன் தன் கையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இப்படியே எத்தனை நாள் சாமி கட்டிக்கிட்டே இருக்கிறது?"

"கடலுக்குப் போற நாளெல்லாம்."