ராஜாவுக்கு மேலதிகாரி

குன்றையூர் ராஜாவுக்குத் திடீரென்று எம்.பி.ஏ. ஆசை வந்துவிட்டது. பக்கத்து நாட்டு ராஜா லண்டன் போய் ஒரே வருஷத்தில் அதைப் படித்துத் திரும்பி, கோட்டைச் சுவரில் தன் பெயருக்குப் பின்னால் அந்த மூன்றெழுத்தைப் பொறித்துக்கொண்டாராம். அப்புறம் நம் ராஜாவுக்குச் சோறு இறங்குமா?

பிரிட்டிஷ் கல்லூரி ஒன்றின் டீன், மாணவர் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த சமயம் அது. குன்றையூர் சபைக்கும் வந்து விண்ணப்பத்தை நீட்டினார். எல்லாக் கட்டமும் நிரம்பியது. ஒன்றுதான் பாக்கி: விண்ணப்பதாரரின் மேலதிகாரி தரும் பரிந்துரைக் கடிதம்.

"எனக்கு ஏதய்யா மேலதிகாரி?" என்றார் ராஜா.

"அது இல்லாமல் சக்கரவர்த்தியைக்கூடச் சேர்ப்பதில்லை. எங்கள் விதி அப்படி," என்றார் டீன்.

விதூஷகன் வெண்காடனைக் கண்டாலே திவான் நாகலிங்கத்துக்கு ஆகாது. சமயம் பார்த்துக் கொளுத்திப் போட்டார். "வெண்காடன் கெட்டிக்காரன் மகாராஜா. அவன் தேடித் தருவான்."

"சரி. நாளைக்குள் கடிதம் வராவிட்டால் வெண்காடனுக்கு இங்கே வேலையில்லை," என்றார் ராஜா. "எவனாவது எனக்கு மேலே என்று பொய் சொன்னால், அவனுக்குத் தலையில்லை."

வெண்காடன் வீட்டிலோ கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. மகள் கல்யாணத்துக்குப் பதினைந்தே நாள். வேலை போனவன் வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள்?

அன்று மாலை நகர்வலம். ராஜாவைச் சுமந்த யானை கோட்டை வாசலை நெருங்கியது. "தலையக் குனிங்க மகாராஜா," என்றான் பாகன் ஒச்சப்பன், திரும்பிக்கூடப் பார்க்காமல். ராஜா குனிந்தார். கூட்டத்தில் நின்ற வெண்காடனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் சபையில் வெண்காடன் ஒரு கடிதத்தைப் படித்தான். "நான் சொன்ன இடத்தில் உட்காருவார். குனியச் சொன்னால் குனிவார். ஒரே ஒரு தடவை கேட்கவில்லை. அன்று கிரீடம் நெளிந்தது. இப்படிக்கு, யானைப்பாகன் ஒச்சப்பன்."

"பாகன் ராஜாவுக்கு மேலதிகாரியா? எடுங்கள் அவன் தலையை," என்று குதித்தார் திவான்.

"மகாராஜா, இவன் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லுக்காவது தாங்கள் தலை குனிந்ததுண்டா?" என்று பக்கத்தில் நின்ற ஒச்சப்பனைக் காட்டிக் கேட்டான் வெண்காடன்.

ராஜா கிரீடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கடிதத்தில் பொய்யில்லை," என்றார்.

டீன் விடவில்லை. "விண்ணப்பதாரரின் குறை என்ன? கடிதம் அதையும் சொல்ல வேண்டுமே?"

ஒச்சப்பன் வெண்காடனைப் பார்த்தான். "உள்ளதைச் சொல்லப்பா," என்றான் வெண்காடன்.

"யானைய ஓட்டுறது நானுங்க. மேல உக்காந்துக்கிட்டு, தான்தான் ஓட்டுறதா மகாராஜா நெனச்சுக்குவாரு."

ராஜாவின் கை வாளுக்குப் போனது. அதற்குள் டீன் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மகாராஜா, ஒரு வருஷம் முழுக்க நாங்கள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். தங்களுக்கு இப்போதே வருகிறதே. இனிப் படிப்பு எதற்கு? பட்டத்தைப் பிடியுங்கள்."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வெண்காடனுக்கு முத்துமாலை, மகள் கல்யாணம் அரண்மனைச் செலவில். திவானுக்கு ஒரு மாதம் யானை குளிப்பாட்டும் வேலை.

அன்று மாலை பட்டச்சுருளும் கையுமாக ராஜா யானை மேல் வந்தார். கோட்டை வாசல் நெருங்கியது.

"ஒச்சப்பா, எம்.பி.ஏ.வும் குனியணுமா?"

"வாசல் அதே ஒசரந்தானுங்க. குனிங்க."