அப்பளக் கம்பெனிக்கு வந்த ஆலோசகர்

வெள்ளந்திப்பட்டிக்காரர்களிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும். கோபத்தில் ‘போய்த் தொலை’ என்று சொல்லிவிட்டால், தொலைவதற்கு எந்தப் பக்கம் தோது என்று நம்மிடமே விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பொல்லாதவர்கள் இல்லை, பாவம். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். மதுரையிலிருந்து ஞானதுரை இந்த ஊருக்கு வந்தபோது இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வந்திருப்பார். அவர் நிலைமை அப்படி.

ஞானதுரை ஒரு பிஸ்கட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் மேனேஜர். ஒரே முதலாளிக்குச் சொல்கிற யோசனையை ஊருக்கெல்லாம் சொன்னால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. வேலையை விட்டார். ‘வியாபார ஆலோசகர்’ என்று கார்டு அடித்தார். ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், கேட்டார்கள், “ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க சார்” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். மனுஷனுக்கு என்ன வேண்டுமானாலும் பேச வரும், காசு கேட்க மட்டும் நாக்கு எழாது. ஒரு வருஷத்தில் அவர் சம்பாதித்தது எண்பது காபியும் இரண்டு பொன்னாடையும்.

மனைவி செல்வராணி இரண்டு பொன்னாடையையும் ஜன்னலுக்குத் திரையாகத் தைத்து மாட்டிவிட்டு, தீர்ப்பைச் சொன்னாள்.

“இந்த மாசம் முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள இருபதாயிரம் ரூபா வீட்டுக்கு வரணும். வரலைன்னா ஒண்ணாந் தேதி எங்கப்பா சிமெண்டுக் கடையில போய் மூட்டை எண்ணுங்க.”

மூட்டை எண்ணுவதுகூடப் பரவாயில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமனார், “நம்ம மாப்பிள்ளைதான். ஊருக்கே யோசனை சொன்னவரு” என்று அறிமுகப்படுத்துவாரே, அதை நினைத்தால்தான் ஞானதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளந்திப்பட்டியிலிருந்து ஆள் வந்தது. சங்கிலி, இருளாண்டி, ஒச்சப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து அப்பளக் கம்பெனி நடத்தினார்கள். மூன்று பேர், மூன்று பலகை, பன்னிரண்டு வருஷ நஷ்டம். ஒரு மாசம் யோசனை சொல்ல இருபதாயிரம் ரூபாய் என்று பேச்சு. ஆலோசகர் உட்காருவதற்கென்றே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார்கள். ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் வாரம் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “செலவு ஜாஸ்தி. எல்லாச் செலவையும் பாதியாக்குங்க” என்றார்.

அப்படியே செய்தார்கள். வேனுக்குப் பாதி டீசல் போட்டார்கள். மதுரைக்குப் போகிற வேன் பாதி வழியில் நின்றது. மூன்று பேரும் இறங்கி, தலைக்கு நாலு மூட்டை அப்பளத்தைச் சுமந்துகொண்டு மீதி வழியை நடந்தார்கள். கரண்டு பில்லில் பாதி கட்டினார்கள். ஆபீசிலிருந்து ஆள் வந்து கரண்டை முழுசாகவே பிடுங்கிவிட்டுப் போனான்.

“அவனுக்கு நம்ம சார் மாதிரி கணக்குத் தெரியலை” என்று இருளாண்டி இருட்டில் வருத்தப்பட்டான்.

இரண்டாம் வாரம் ஞானதுரை ஜாக்கிரதையாக, செலவுப் பக்கமே போகாமல் பேசினார். “வாடிக்கையாளர் தேடி வரணும்னு காத்திருக்கக் கூடாது. நாமதான் போகணும். எந்நேரமும் அவர் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்.”

பெரிய வாடிக்கையாளர் மதுரையில் ஒரு மளிகைக் கடை முதலாளி. மறுநாள் விடியும்போதே மூன்று பேரும் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் பல் தேய்த்தால் பக்கத்தில் நின்றார்கள். கோயிலுக்குப் போனால் கூடவே சுற்றினார்கள். சலூனில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவர் நிமிர்ந்து பார்த்தால் பின்னால் மூன்று முகம், வாயைத் திறக்காமல், அசையாமல். மனுஷன் சோப்பு நுரையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

ஞானதுரை போய், நல்ல பையன்கள்தான் ஐயா என்று கெஞ்சி, எழுதிக் கொடுத்து, மூன்று பேரையும் கூட்டி வந்தார். ஆட்டோவுக்கு அவர் காசு. பசிக்கிறது என்றார்கள், புரோட்டாவுக்கும் அவர் காசு. வர வேண்டிய இருபதாயிரத்தில் ஒரு ரூபாய்கூட வருவதற்கு முன்னால் கையிலிருந்து ஆயிரத்து நூறு கழன்றுபோயிற்று.

மூன்றாம் வாரம், நன்றாக யோசித்து, யாருக்கும் சேதாரம் வராத ஒன்றைச் சொன்னார். “ஒவ்வொருத்தரும் தினம் என்ன வேலை பார்க்கிறாங்கன்னு எழுதிப் பாருங்க. ஒண்ணும் செய்யாத ஆளை நிறுத்திடுங்க.”

மாசம் முடிகிற முப்பத்தொண்ணாந் தேதியும் வந்தது. ஞானதுரை காலையிலேயே வந்து சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

“இன்னைக்கு முப்பத்தொண்ணு.”

சங்கிலி காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “ஆமா சார். சரியாச் சொல்றீங்க.”

“நாளைக்கு ஒண்ணாந் தேதி.”

“அதெப்படி சார் கரெக்டா வருது உங்களுக்கு!” என்று இருளாண்டி வாயைப் பிளந்தான்.

நல்லவேளையாகச் சங்கிலியே நோட்டை விரித்தான். “சார், நீங்க சொன்னபடி எழுதிட்டோம். நான் தினம் அறுநூறு அப்பளம். இருளாண்டி ஐந்நூத்தம்பது. ஒச்சப்பன் ஐந்நூறு. பூனை ரெண்டு எலி. நீங்க ஒண்ணுமில்ல. அதனால உங்களை நிறுத்திட்டோம்.”

சிமெண்டு மூட்டை கண் முன்னால் வந்து நின்றதும் ஞானதுரையின் நாக்கு முதல்முறையாக எழுந்தது. “நிறுத்துங்கப்பா, வேண்டாம்னு சொல்லலை. என் இருபதாயிரத்தைக் கொடுத்துட்டு நிறுத்துங்க!”

அண்ணன் தம்பிகள் வட்டமாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

“சார் சொன்னது நல்ல யோசனை. அதனால காசு கொடுக்கணும்” என்றான் சங்கிலி.

“ஒண்ணும் செய்யாத ஆளுக்குக் காசு கொடுத்தா சார் சொன்ன யோசனையை மீறின மாதிரி ஆகுதேண்ணே” என்றான் இருளாண்டி.

“மீறினா?”

“நாம கேட்டு நடக்காத யோசனைக்கு எதுக்குக் காசு?”

“அப்ப கொடுக்க வேண்டாம்.”

“கொடுக்கலைன்னா யோசனைப்படி நடந்துட்டோம். நடந்தாக் காசு கொடுக்கணும்ல?”

பத்து மணிக்கு ஆரம்பித்தது, பன்னிரண்டு வரை போயிற்று. ஞானதுரைக்கே தலை சுற்றி, கொடுக்க வேண்டாம் என்கிற பக்கம்தான் நியாயம் இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் சங்கிலி தொடையைத் தட்டினான்.

“சார் அப்பளம் தேய்க்கட்டும்! அப்புறம் ஒண்ணும் செய்யாத ஆள்னு யாரு சொல்றது? அப்பளத்துக்கு அம்பது பைசா கூலி. நாப்பதாயிரம் அப்பளம் தேய்ச்சா இருபதாயிரம்.”

“இன்னைக்குள்ளயா?”

“அவசரமே இல்ல சார். ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இன்னைக்குத்தானே?”

ஞானதுரை சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒச்சப்பனின் பலகையில் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வார்? பலகை போன ஒச்சப்பனுக்கு உட்கார இடமில்லை. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, காலியாகக் கிடந்த சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தான்.

சங்கிலி உடனே கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். “சொல்லுங்க ஆலோசகரே.”

ஒச்சப்பன் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினான்.

சங்கிலி பெட்டியைத் திறந்து, இருபதாயிரத்தை எடுத்து, தம்பி கையில் வைத்தான். ஞானதுரை அப்பளத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “அது எனக்கு வச்சிருந்த பணமாச்சேய்யா!”

“நாற்காலிக்கு வச்சிருந்தது சார். நீங்க அதுல ஒரு மாசம் உக்காந்திருந்தீங்க. ஒருநாளாவது கையை நீட்டினீங்களா? கேட்காத மனுஷன்கிட்ட காசைத் திணிச்சா மரியாதையா இருக்குமா?”

ஒச்சப்பன் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினான். மடியில் முடிந்துகொண்டான். பிறகு சொன்னான்:

“நமக்கெல்லாம் எதுக்குண்ணே ஆலோசகர்? தண்டச் செலவு.”

அடடா! அண்ணன்கள் இரண்டு பேரும் கை தட்டினார்கள். பதினெட்டு வருஷ அனுபவத்தில் இவ்வளவு சுருக்கமான யோசனையைக் கேட்டதில்லை என்பதால், மாவுக் கையோடு ஞானதுரையும் தட்டிவிட்டார்.

ஒச்சப்பன் நாற்காலியை மடக்கப் பார்த்தான். அது மடங்காத நாற்காலி. சரி என்று மூலையில் கவிழ்த்துவிட்டு வந்து, “எந்திரிங்க சார், என் பலகை” என்றான். ஞானதுரை அதுவரை பதினாறு அப்பளம் தேய்த்திருந்தார். அதில் ஒன்று வட்டமாகக்கூட இருந்தது. எட்டு ரூபாய் கூலியை எண்ணிக் கொடுத்தார்கள்.

வாசல் வரை போன ஞானதுரை திரும்பி வந்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்காமல் போக மனசு வரவில்லை.

“தம்பி, முதல்லயே காசை வாங்கிட்டு அப்புறமா வாயைத் திறக்கணும்னு உனக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தா? எனக்கும் கொஞ்சம் சொல்லேன்.”

ஒச்சப்பன் கையை நீட்டினான். ஞானதுரை எட்டு ரூபாயையும் வைத்தார். அவன் எண்ணிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“எட்டு ரூபாய்க்கு எவ்வளவு சார் சொல்ல முடியும்? முதல்ல கையைச் சுத்தமாக் கழுவணும்.”

“அப்புறம்?”

ஒச்சப்பன் மறுபடியும் கையை நீட்டினான்.

மறுநாள் ஒண்ணாந் தேதி. யாரும் மறுபடி சொல்லாமலே ஞானதுரை மாமனார் கடைக்குப் போய் மூட்டை எண்ண ஆரம்பித்துவிட்டார். செல்வராணிக்கு ஒரே சந்தோஷம், புருஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று. அவருக்கும் சந்தோஷம்தான். இன்னும் நாலு மாசச் சம்பளம் சேர்ந்தால் போதும், வெள்ளந்திப்பட்டிக்குப் போய் மீதி யோசனையையும் கேட்டுவிட்டு வந்துவிடலாம்.