ஊசிமேட்டு ஆடுகளும் தொண்டை போனவனும்

தீர்ப்பு சொல்ல நாக்கு அரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கதையைக் கேட்காமலே தீர்ப்பு சொல்லத் தேன்வரையில் ஏற்கெனவே பதினான்கு பெரியவர்கள் இருக்கிறார்கள், இடம் காலியில்லை.

தேன்வரை, கொடைக்கானலுக்கு மேற்கே பஸ் போய்ச் சலித்துத் திரும்புகிற கடைசி ஊர். அதற்கு மேலே ஊசிமேடு என்றொரு புல்வெளி. அங்கே மேய்கிற செம்மறிகள் குட்டையானவை. பழைய மெத்தையைச் சுருட்டி நாலு குச்சியில் நிறுத்தியது போலிருக்கும். ஆனால் விடிகாலையில் முதுகு ரோமமெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்க, ஓர் உதறு உதறிவிட்டு மேயப் போய்விடும். கீழ்நாட்டிலிருந்து யாரோ ஆசையாக வாங்கி வந்த உயரமான ஆடுகள் முதல் சாரலுக்கே மூக்கொழுகிச் செத்தன. இவற்றுக்கு வேலியும் வேண்டாம். தாய் எந்தச் சரிவு வரை மேய்ந்ததோ, குட்டியும் அதைத் தாண்டாது.

குறை என்றால் பிடிவாதம் ஒன்றுதான். தீவன வாளியைக் காட்டினாலும் வராது, தடிக்கும் மசியாது. பழகிய குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் மந்தையே ஓடும். பொழுது சாய்வதற்குள் பட்டிக்கு வராத ஆட்டைச் செந்நாய் பார்த்துக்கொள்ளும்.

சடையப்பனின் மந்தைக்குப் பழகிய குரல் சடையப்பனுடையது. "ஓ…ஹோ…ய்" என்று நீட்டி, கடைசியில் தொண்டைக்குள்ளேயே ஓர் உருட்டு உருட்டுவான். அவன் போர்வெல் லாரியில் சத்தீஸ்கருக்கு வேலைக்குப் போனான். ஒரே வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வீட்டில் மனைவி தெய்வானையும் தங்கை குருவம்மாவும் இருந்தார்கள்.

குருவம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரேஷன் கடைக்காரரின் கொட்டாவி, பூசாரியின் தும்மல், எல்லாம் அவள் வாயில் அச்சாக வரும். ஒருநாள் கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் குரலில் "போலாம் ரைட்" சொல்லி, அவர் இல்லாமலே பஸ்ஸை அனுப்பிவைத்தவள்.

சடையப்பன் கிளம்பிப் போன முதல் வாரம் தெய்வானை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஆடுகள் திரும்பவில்லை. செந்நாய்க்கு இரண்டு போயின. மறுநாள் மாலை குருவம்மா பட்டி வாசலில் நின்று அண்ணன் குரலை எடுத்தாள். மேட்டிலிருந்து முப்பது ஆடும் உருண்டு வந்தன. அடுப்படியிலிருந்து தெய்வானையும் மாவுக் கையோடு ஓடி வந்தாள். வந்து பார்த்துவிட்டு, "நீயா" என்றாள். உள்ளே போனவள் அங்கிருந்தபடியே சொன்னாள்: "நாளைக்கும் கூப்பிடு."

அப்படியே ஒரு வருஷம் ஓடியது.

சடையப்பன் திரும்பி வந்தான். கல்தூசி அவன் தொண்டையைத் தின்றிருந்தது. பேசினால் சரளை சலிக்கிற சத்தம். டாக்டர், இனி இதுதான் குரல் என்று கைவிரித்துவிட்டார். முதல் மாலை மேட்டில் நின்று கூப்பிட்டான். ஆடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டுப் புல்லுக்கே குனிந்தன. பழக்க தோஷத்தில் குருவம்மா கீழே பட்டியிலிருந்து அந்தப் பழைய குரலை எடுத்தாள். மந்தை அவன் முழங்காலை உரசிக்கொண்டு அவளிடம் ஓடியது.

சாப்பிடும்போது சொன்னான்: "இனிமே என் குரல்ல நீ கூப்பிடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"உன் குரல் இப்ப உன்கிட்டயா இருக்கு? நான்ல வச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. சத்தியம் செய்துகொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை நம்ம லாரி கீழ் ரோட்டுல வருது" என்றான் அவன். "அதுக்குள்ள ஆடு எனக்கு வரலைன்னா ஏறிப் போயிடறேன். ஆட்டுக்கே அடையாளம் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை?"

தெய்வானை ரசத்தை ஊற்றினாள். அவன் போதும் என்று சொன்ன பிறகும் ஊற்றினாள்.

அடுத்தடுத்த மாலைகளில் மூவருமாக ஆடுகளை வளைத்துப் பிடித்து, பாதியைத் தூக்கிச் சுமந்துதான் பட்டியில் அடைத்தார்கள். வெள்ளிக்கிழமையும் வந்தது. பனிமூட்டம் மேட்டை மூடியிருந்தது. உச்சியில் சடையப்பன் கரகரவென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் கீழே, சோலை ஓரத்தில், தெய்வானை குருவம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அவர் கூப்பிடறப்பவே நீயும் சேர்ந்து ஒரு தடவை கூப்பிடு. இந்த மூட்டத்துல தெரியாது. தன் குரலுக்குத்தான் வந்துச்சுன்னு நினைச்சுக்குவார்."

"சத்தியம் பண்ணியிருக்கேன் மதினி."

"கண்டக்டர் பிழைப்பையே கெடுத்தவ நீ. உனக்கென்னடி சத்தியம்?"

"அது விளையாட்டு."

"ஒரே தடவை, குருவம்மா. லாரி வந்துரும்."

குருவம்மா தாவணி முனையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

இப்போது உங்கள் முறை. புருஷன் போய்விடக் கூடாதே என்று பொய்க்குரல் கேட்டாள் ஒருத்தி. அண்ணனே போனாலும் சத்தியத்தை விடமாட்டேன் என்று நின்றாள் இன்னொருத்தி. நியாயம் யார் பக்கம்?

விடை: குருவம்மா பக்கம்தான். ஆனால் சத்தியத்துக்காக அல்ல. ஆடு குரல் வந்த பக்கம்தான் ஓடும். உச்சியில் அவன், கீழே சோலையில் குரல். கூப்பிட்டிருந்தால் மந்தை அவனை விட்டு விலகிச் சோலைக்குள் பாய்ந்திருக்கும். அடுத்த நிமிஷம் அவன் லாரியில் இருந்திருப்பான். அவள் வாய் திறக்காததால், இதோ வரும், இதோ வரும் என்று அவன் கூப்பிட்டபடியே நின்றான். லாரிக்காரர் நாலு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பின் பதினோராம் நாள், இரண்டு கிழட்டு ஆடுகள் அந்தக் கரகரப்பை நம்பி நடந்து வந்தன. மற்றவை அவற்றின் பின்னால் வந்தன.

சரி, ஒரு வருஷம் அதே மந்தையைக் கட்டி மேய்த்த தெய்வானைக்கு, ஆடு எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்டாள். புருஷனை நிறுத்திவைக்க அவளுக்கு ஆயிரம் வழி இருந்திருக்கும். அந்தப் பழைய குரலை இன்னொரு தடவை கேட்க அது ஒன்றுதான் வழி.