தாளாளர் வீட்டுப் பிள்ளை

கடன் வாங்கிப் படித்த அதே இன்ஜினியரிங் காலேஜில் லேப் அசிஸ்டென்டாகக் காலம் தள்ளினாள் ஜெசிந்தா. வேலைக்குச் சேரும்போது வாங்கிவைத்த அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் தாளாளரின் பீரோவில் கிடந்தன. அவை கைக்கு வந்தால்தான் வேறு வேலைக்குப் போய் பேங்க் கடனை அடைக்க முடியும்.

அட்மிஷன் நாளன்று, பெற்றோர்கள் நிறைந்திருந்த ஹாலிலேயே போய்க் கேட்டாள்.

தாளாளர் சிரித்தார். "ஒரே ஒரு பிள்ளையைச் சேர்த்துவிடு, தர்றேன்."

இங்கேயே படித்துவிட்டு லேப் அசிஸ்டென்டாக நிற்கும் அவளைப் பார்த்தபின் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"அப்ப நம்ம தம்பி பேரையே எழுதிக்கலாங்களா சார்? பிளஸ் டூ முடிச்சிட்டாரே. உங்க வீட்டுப் பிள்ளையே சேர்ந்தா ஊரே பின்னால வரும்."

"அவனுக்குச் சென்னையில சீட் வாங்கியாச்சு."

முன்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தார். "ஏனுங்க, இங்க என்ன குறை?"

தாளாளர் அவரைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார். பிறகு கிளார்க்கைக் கூப்பிட்டார். "முதல்ல இந்தப் பொண்ணோட சர்டிபிகேட்டைக் குடுத்து அனுப்புய்யா."

சர்டிபிகேட்டோடு அவள் நின்ற பஸ் ஸ்டாப்பில் அந்தத் தகப்பனும் மகனோடு வந்து நின்றார். "இனி என்னம்மா செய்வே?"

"முதல்ல தூங்கணுங்கண்ணா."