நாலாவது முளை

கருங்கோட்டைச் சமஸ்தானத்து ராஜா விஜயரங்கத் துரைக்கு இரண்டு விஷயங்கள் பிடிக்கும். ஒன்று வேட்டை. இன்னொன்று, பக்கத்துச் சாத்தன்மேட்டு ராஜாவின் வயிறு எரிவது. நாட்டை ஆள்வதில் அவருக்கு நாட்டமில்லை. அதற்குத்தான் அரண்மனை ஆலோசகர் குழைக்காதர் இருந்தாரே.

அந்த வருஷம் ராஜா தமக்கென்று ஒரு வேட்டைக்காடு வளைத்தார். மூன்று பாறைகளை மூலையாக வைத்து, முக்கோணமாக. வளைத்த வேகத்தில், குயவர்கள் மண்ணெடுக்கும் குளமும் ஓரத்தில் உள்ளே போய்விட்டது. மண் இல்லையென்றால் பானை இல்லை. பானை இல்லையென்றால் குயவர் வீட்டில் உலை இல்லை. மூக்காயி என்ற குயவர் வீட்டுப் பெண் குழைக்காதரைத் தேடி வந்துவிட்டாள்.

"முயலடிக்கக் காடு போதாதா அய்யா? எங்க கொளத்தையும் என்னத்துக்குச் சேக்காரு? முயலு முங்கிக் குளிக்கப் போவுதா?"

குழைக்காதருக்கு மனசு கேட்கவில்லை. ராஜாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ராஜா வெற்றிலையை மென்றுகொண்டே கூரையைப் பார்த்தார்.

காட்டை அளக்கப் பட்டணத்திலிருந்து சர்வேயர் ஞானாபரணம், கோணம் அளக்கும் தியோடலைட்டோடு வந்து சேர்ந்தார். முக்காலியை விரித்து, தூக்குக் குண்டைப் பாறையடியில் அடித்த முளைக்குச்சிக்கு நேராக நிறுத்தி, ரசமட்டத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் மனிதர் தொப்பலாக நனைந்துவிட்டார். வெயில் பாவம், அதன்மேல் தப்பில்லை. ராஜா பக்கத்திலேயே தொம் தொம்மென்று உலாவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மிதிக்கும் குமிழி ஓடிப்போயிற்று. கடைசியில் ராஜாவே குனிந்து குழாயில் கண்ணை வைத்தார்.

"என் சிப்பாய்கள் ஏன் தலைகீழாக நிற்கிறார்கள்?"

இந்தக் கண்ணாடி எதையும் அப்படித்தான் காட்டும் என்று சர்வேயர் விளக்கப் போனார். குழைக்காதர் முந்திக்கொண்டார். "தாங்கள் பார்ப்பது தெரிந்துவிட்டது மகாராஜா. மரியாதை."

ராஜாவுக்குத் திருப்தி. மூன்று மூலையிலும் கோணம் எடுத்துக் கூட்டி, நூற்றெண்பது டிகிரி, கணக்குச் சரி என்றார் சர்வேயர்.

"சாத்தன்மேட்டான் காட்டுக்கு எவ்வளவு?"

சர்வேயருக்குப் பொய் சொல்ல வராது. அதையும் அவர்தான் அளந்திருந்தார். அதுவும் முக்கோணம், அதுவும் நூற்றெண்பதுதான் என்றார்.

ராஜாவின் மீசை துடித்தது. அவன் காடு என் காட்டில் கால்வாசிகூட வராதே, அவனுக்கும் எனக்கும் ஒரே கணக்கா என்று குதித்தார். உலகத்தில் எந்த முக்கோணமும் இப்படித்தான் என்று சர்வேயர் சொன்னது இன்னும் கெடுத்துவிட்டது. நாளைக்குள் கோணம் ஏறாவிட்டால் லாயத்தில் குதிரை லத்தி அள்ளவேண்டியதுதான் என்று சர்வேயருக்குத் தீர்ப்பாயிற்று.

தியோடலைட் பெட்டியின்மேல் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் குழைக்காதர் வந்து அமர்ந்தார்.

"மூலை நாலாக இருந்தால் மொத்தம் எவ்வளவு வரும்?"

"முந்நூற்றறுபது."

"அதில் ஒரு மூலை உள்பக்கமாக மடங்கியிருந்தால்?"

"அப்போதும் அதேதான். ஏன் கேட்கிறீர்கள்?"

குழைக்காதர் எழுந்தார். ஒரு முளையையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தார்.

மறுநாள் குளத்தின் உள்கரையில் நாலாவது முளை நின்றது. முன்பு இரண்டு பாறைகளுக்கு நடுவே நேராக ஓடிய எல்லைக்கோடு, இப்போது உள்ளே வந்து, முளையைத் தொட்டு, மடங்கி மறுபாறைக்குப் போயிற்று. குளம் வெளியே நின்றுவிட்டது. முளைமேல் தியோடலைட்டை நிறுத்தி சர்வேயர் கோணம் எடுத்தார்.

"மகாராஜா, இந்த ஒரு மூலையே இருநூற்றுப் பத்து," என்றார் குழைக்காதர். "சாத்தன்மேட்டாரின் மூன்று மூலையையும் கூட்டினாலும் இதற்கு எட்டாது. நமக்கு மொத்தம் முந்நூற்றறுபது. அவருடையதைப் போல இரண்டு மடங்கு."

ராஜா வரைபடத்தைப் பார்க்கவே இல்லை, எண்ணை மட்டும் பார்த்தார். முத்திரை விழுந்தது. வேலி எழும்பியது. ஒரு நகல் யானைமேல் ஏறிச் சாத்தன்மேட்டுக்குப் போயிற்று.

முதல் வேட்டைக்குப் போன அன்று, குளத்தில் குயவர்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் குளத்தில் யார் அது?"

"குளம் வேலிக்கு வெளியே இருக்கிறது மகாராஜா. கோணம் கூடவேண்டும் என்றீர்கள். நிலம் குறையக்கூடாது என்று சொல்லவில்லையே."

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று. மண்வெட்டிகள் நின்றன. குழைக்காதர் விடவில்லை.

"இப்போதே முளையைப் பிடுங்கிவிடலாம் மகாராஜா. குளம் திரும்பிவிடும். சாத்தன்மேட்டாருக்கும் ஆளனுப்பி, நாங்களும் உங்களைப் போல நூற்றெண்பதுதான் என்று சொல்லிவிடலாம்."

ராஜா குளத்தைப் பார்த்தார். முளையைப் பார்த்தார். சாத்தன்மேடு இருக்கும் திசையைப் பார்த்தார். வாளை விட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மோதிரத்தைக் கழற்றிக் குழைக்காதரின் கையில் வைத்தவர், சிரிப்பு அடங்கியதும் காதோரம் குனிந்தார்.

"ஓய், இன்னொரு முளை அடித்தால்?"

"ஐந்நூற்று நாற்பது மகாராஜா."

"எங்கே அடிக்கலாம்?"

குழைக்காதர் குளத்துக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மூக்காயி, சூளைக்கு விறகு எந்தப் பக்கம் நல்லாக் கிடைக்கும்?"