ஆமாஞ்சேரிக்காரர்கள் கோல் போட்ட கதை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பந்து இருந்ததாம். ஊருக்குப் பேர் ஆமாஞ்சேரி. மாற்றலாகிப் போன டிரில் வாத்தியார், பஸ் ஏறுகிற அவசரத்தில் அந்தப் பந்தை வெள்ளைக்கண்ணு கையில் கொடுத்தார்.

"இனி நீதான்டா கேப்டன். விளையாட்டுல கை படவே கூடாது. கோல்கீப்பர் மட்டும்தான் கையால தொடலாம். கோல் நிறையப் போடணும். கேப்டன் கடைசி ஆளாத்தான் கிரவுண்டை விட்டுப் போகணும்" என்று ஜன்னல் வழியே சொன்னார்.

பஸ் போய்விட்டது. பந்து கையிலேயே இருப்பதைப் பார்த்த வெள்ளைக்கண்ணு பதறிப்போய்க் கீழே போட்டான். ஆமாஞ்சேரி கால்பந்துக் கழகம் இப்படித்தான் தொடங்கியது.

கழகத்தில் எல்லாரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். பனியனை மாட்டிவிட்டால் எதையும் கையால் தொட மாட்டார்கள். வெள்ளைக்கண்ணுவின் தம்பி சடையாண்டிதான் கோல்கீப்பர்; கைக்கு அனுமதி உள்ள ஒரே ஆள். மற்றவர்களுக்குப் புளிசாதம் ஊட்டுவது, மூக்குச் சிந்திவிடுவது, கொசு அடிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அண்ணனுக்கு உச்சந்தலை அடிக்கடி அரிக்கும். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது ஓடிவந்து சொறிந்துவிட்டுப் போவான்.

ஒரு சமயம் பந்து சப்பிப்போனது. "காத்துப் பத்தலை" என்றார் சைக்கிள் கடைக்காரர். சடையாண்டி அதைப் பனைமர உச்சியில் கட்டித் தொங்கவிட்டான். ஆடி மாதம் முழுக்க அது காற்று வாங்கியது. ஆவணியில் இறக்கினால், முன்னைவிடச் சப்பை. "மேல ஒத்தையில இருந்து இளைச்சுப் போச்சு" என்று கழகம் முடிவு செய்தது. சைக்கிள் கடைக்காரரே பம்போடு வந்து அடித்துக்கொடுத்தார்.

இப்படி இருக்கையில், சடையாண்டிக்குக் கீழப்பொய்கையில் பெண் பேசினார்கள். பெண் பேர் செல்லக்கிளி. அவள் அப்பா பொம்முராசுக்குக் கால்பந்துப் பித்து.

"எங்க ஊர் டீமோட ஒரு மேட்ச் ஆடுங்க தம்பி. மாப்பிள்ளை கோல் விடாம நின்னா பொண்ணு. விட்டாரு, அத்தோட மறந்துடணும்" என்று வெள்ளைக்கண்ணுவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அம்மா அப்பா இல்லாமல் தானே தூக்கி வளர்த்த தம்பி. வெள்ளைக்கண்ணுக்குச் சோறு இறங்கவில்லை.

"டேய், உசுரே போனாலும் கோலை விட்டுராதடா."

"எந்தக் கோலைண்ணே? ரெண்டு நட்டிருக்கே."

கழகம் மைதானத்துக்கே போய் இரண்டு சவுக்குக் கம்பையும் தோளால் இடித்துப் பார்த்தது. "வலதுபக்கம் ஆடுதுப்பா. இடதுதான் உறுதி" என்றான் இருளப்பன்.

"அப்ப இடதையே பிடிச்சுக்க" என்றான் வெள்ளைக்கண்ணு.

மேட்ச் அன்று விசில் ஊதியதும் சடையாண்டி இடதுகோலைக் கையாலும் காலாலும் கட்டிக்கொண்டான். கீழப்பொய்கைக்காரர்கள் அடித்த பந்தெல்லாம் அவன் முதுகுப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைக்கண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை. உச்சந்தலை வேறு அரித்தது. சொறிய ஆளில்லை. தம்பிக்காகப் பொறுத்துக்கொண்டான்.

இருளப்பன் காலில் பந்து வந்தபோது, "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கூட்டம் கத்தியது. அவன் நின்று, "எட்டாங்கிளாஸ்ல மூணு வாட்டி முயற்சி பண்ணேங்க. வரலை" என்று அடக்கமாகச் சொன்னான். மற்றவர்கள் டிரில் வாத்தியார் சொன்னபடி வேலிக்கம்புகளைப் பல்லில் கவ்விக்கொண்டு ஓடி, எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வந்தார்கள்.

கடைசி விசில் ஊதியது. "கீழப்பொய்கை ஒன்பது கோல். ஆமாஞ்சேரி ஒண்ணுமில்லை" என்றார் நடுவர்.

"ஒன்பதும் எங்கங்க போட்டாங்க?" என்றான் வெள்ளைக்கண்ணு.

"உங்க பக்கத்துலதான்."

கழகம் குனிந்து தேடியது. "ஒரு குச்சிகூடக் காணோமேங்க. நாங்க போட்டதை அங்க போய்ப் பாருங்க, ஒரு வாரத்துக்கு அடுப்பெரிக்கலாம்."

நடுவர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

பொம்முராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒன்பது கோல் விட்டிருக்காரு உங்க தம்பி. பொண்ணு கிடையாது."

வெள்ளைக்கண்ணு கம்புப் பக்கம் ஓடி நின்றான். "மாமா, நீங்களே கிட்டவந்து பாருங்க. ஒரு விரலாவது விட்டிருக்கானா?"

பொம்முராசு சுற்றிச்சுற்றி வந்து பார்த்தார். விடவில்லைதான்.

மேட்ச் பார்க்க வந்து குடைக்குள் நின்ற செல்லக்கிளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பா, ஒரு கட்டையையே இந்தப் பிடி பிடிக்கிறாரே, என்னை விட்டுட்டா போகப்போறாரு? பேசி முடிங்கப்பா."

பொம்முராசு பெருமூச்சு விட்டார். "சரி மாப்ளே, விட்டுட்டு வாங்க. கோயிலுக்குப் போவோம்."

"விடமாட்டேன் மாமா. விட்டா பொண்ணு இல்லைன்னீங்க."

"நான்தானே சொல்றேன், விடுங்க."

"ஆழம் பாக்குறீங்க" என்று சடையாண்டி இன்னும் இறுக்கிக்கொண்டான்.

கழகம் கூடிப் பேசி, காலாலேயே மண்ணைப் பறித்துக் கம்பைச் சாய்த்தது. சடையாண்டி ஒரு முனை, செல்லக்கிளி மறுமுனை, நடுவில் தலையில் கைவைத்தபடி பொம்முராசு; ஊர்வலம் கீழப்பொய்கைக்குப் புறப்பட்டது. கழகமும் பின்னாலேயே போனது.

கேப்டன் கடைசியாகத்தானே போகவேண்டும்? வெள்ளைக்கண்ணு நின்றான். தம்பி கரையேறிவிட்டான். நெஞ்சு நிறைந்த அந்த நேரம் பார்த்து உச்சந்தலை மறுபடி அரித்தது. பனியன் இன்னும் உடம்பில் இருந்தது. கையுள்ள ஒரே ஆளும் கல்யாணத்துக்குப் போயாயிற்று. மிச்சமிருந்த வலதுகோலில் தலையை வைத்து நன்றாகத் தேய்த்தான். அவ்வளவு சுகம்.

கோல் இப்படி ஆடி, அப்படி ஆடி, அவன் காலடியிலேயே விழுந்தது.

வெள்ளைக்கண்ணுக்கு வேர்த்துவிட்டது. "அடப்பாவி, நம்ம பக்கத்துலயே போட்டுட்டேனே. சேம்சைடு கோல்" என்று முணுமுணுத்தான். சுற்றிலும் பார்த்தான். பந்தைத் தவிர யாருமில்லை.

"மாமாகிட்ட மட்டும் சொல்லிராத" என்று பந்திடம் கேட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி கல்யாணத்துக்கு நடந்தான்.